பேசுகிறவருக்கு மட்டும்தான் முகமா?

ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் என்று ஓர் ஊர். 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அங்கே ஒரு கால்பந்துப் பந்தயம் நடந்தது.

கொரோனா காலம் அது. மைதானத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து திரையில் பார்த்தார்கள்.

படம் பிடித்தது தானே இயங்கும் காமிரா. அதற்கு ஆள் கிடையாது. பந்து எங்கே போகிறதோ, அங்கே அது திரும்பும். பந்தைக் கண்டுபிடிக்க அதற்குக் கம்ப்யூட்டர் மூளை உண்டு.

ஆட்டம் தொடங்கியது. பந்து ஒரு பக்கம் போயிற்று. காமிரா இன்னொரு பக்கம் போயிற்று!

காரணம் என்ன தெரியுமா? மைதானத்தின் ஓரத்தில் கொடி பிடித்து ஓடும் நடுவருக்கு வழுக்கைத் தலை. உருண்டையாக இருந்த அந்தத் தலையைப் பந்து என்று காமிரா நினைத்துவிட்டது. பந்தை விட்டுவிட்டு அந்தத் தலையைத் தேடித் தேடிக் காட்டியது. வீட்டில் இருந்த ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இந்தச் செய்தியைக் கேட்டு உலகமே சிரித்தது. நாமும் சிரிக்கலாம். சிரித்து முடித்த பிறகு ஒன்றை யோசிக்க வேண்டும்.

அந்தக் காமிராவுக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் எடிட்டிங் மேஜையில் வந்து உட்கார்ந்திருக்கிறான். யார் முகத்தைக் காட்டுவது, யார் முகத்தை விடுவது என்று அவன் தீர்மானிக்கிறான். அவன் செய்யும் தவறு வழுக்கைத் தலை போலப் பளிச்சென்று தெரியாது. அதுதான் ஆபத்து.

மூன்று கண்கள், ஒரே திரை

இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே காமிராவில் எடுத்தால், பார்ப்பவருக்குச் சலிப்புத் தட்டும். ஆகவே மூன்று காமிராக்கள் வைப்பார்கள். ஒன்று முதல் ஆளின் முகத்தைப் பார்க்கும். ஒன்று இரண்டாவது ஆளின் முகத்தைப் பார்க்கும். மூன்றாவது காமிரா இருவரையும் சேர்த்து எட்ட நின்று பார்க்கும்.

மூன்றும் நிற்காமல் ஓடும். ஆனால் வீட்டில் இருக்கும் நமக்கு ஒரு திரைதான். எந்த நேரத்தில் எந்தக் காமிராவின் படத்தைக் காட்டுவது? அதை முடிவு செய்கிறவர்தான் எடிட்டர்.

இந்த வேலை எளிது அல்ல. ஒரு மணி நேரப் பேச்சு என்றால், மூன்று காமிராவுக்கும் சேர்த்து மூன்று மணி நேரப் படம் இருக்கும். ஒரு வினாடிக்கு 25 படங்கள் வீதம் கணக்குப் போடுங்கள். ஒரு காமிராவில் 90 ஆயிரம் படங்கள். மூன்றிலும் சேர்த்து 2 லட்சத்து 70 ஆயிரம் படங்கள்! பத்து வினாடிக்கு ஒரு முறை காட்சியை மாற்றினாலும், 360 தடவை மாற்றியாக வேண்டும். எடிட்டரின் கண் வலிக்கும். இடுப்பும் வலிக்கும்.

மூன்று தலைப் பூதம்

இந்த முறை புதிது அல்ல. 1951-ம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் ‘ஐ லவ் லூசி’ என்ற டெலிவிஷன் நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. லூசில் பால் என்ற நடிகையும், அவர் கணவர் டெசி அர்னாசும் நடித்தார்கள்.

அந்தக் காலத்தில் டெலிவிஷன் நாடகம் என்றால், நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்பு ஆகும். பெரும்பாலும் நியூயார்க்கில் இருந்து நடக்கும். இந்தத் தம்பதியோ ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்றார்கள். ஆகவே பிலிமில் எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று.

எதிரே ரசிகர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் சிரிப்புக்கு நடுவே நாடகம் நடக்கும். நிறுத்தி நிறுத்தி எடுத்தால் சிரிப்புச் செத்துப் போகும். என்ன செய்வது? மூன்று பிலிம் காமிராக்களை ஒரே சமயத்தில் ஓடவிட்டார்கள். அந்தக் காமிராக்களுக்குப் பொறுப்பாளர் கார்ல் பிராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ என்ற பெயர்பெற்ற ஊமைப் படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர் அவர்.

மூன்று பிலிம்களையும் வெட்டி ஒட்ட ஓர் எந்திரம் வந்தது. மூன்று படங்களும் அதில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எடிட்டர் டான் கானும் அவருடைய ஆட்களும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ‘மூன்று தலைப் பூதம்’ என்பது அந்தப் பெயர்!

பூதத்துக்குத் தலை மூன்று இருந்தாலும், மூளை எடிட்டருடையது. லூசி குறும்பு செய்யும்போது லூசியைக் காட்டுவதா, அதைப் பார்த்து விழிக்கும் கணவரைக் காட்டுவதா என்று அவர்தான் முடிவு செய்தார். அதற்குப் பிறகு பிலிம் போயிற்று. கம்ப்யூட்டர் வந்தது. பிலிமை வெட்டிய கை, பொத்தானை அழுத்தியது. ஒன்று என்று அழுத்தினால் முதல் காமிரா. இரண்டு என்று அழுத்தினால் இரண்டாவது காமிரா. அப்போதும் மூளை மனிதருடையதுதான்.

பூதத்துக்கு மூளை வந்தது

இப்போது பொத்தானை அழுத்தவும் ஆள் வேண்டாம் என்கிறார்கள். பேட்டிகளை எடிட் செய்கிறவர்கள் சில ஆண்டுகளாகவே இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். 2025-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம், தன்னுடைய ‘டாவின்சி ரிசால்வ்’ எடிட்டிங் மென்பொருளின் 20-வது பதிப்பிலேயே இந்த வசதியைச் சேர்த்துவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பேசும் ஒவ்வொருவருக்கும் ஒரு மைக் இருக்கும். முதல் மைக்கில் சத்தம் வந்தால் முதல் காமிராவுக்கு மாற்று. இரண்டாவது மைக்கில் சத்தம் வந்தால் இரண்டாவது காமிராவுக்கு மாற்று. இருவரும் சேர்ந்து பேசினால் இருவரும் தெரியும் காமிராவுக்குப் போ. இதுதான் அடிப்படை.

இதற்கு மேல் சில விதிகளும் சொல்லி வைக்கலாம். ஒரு காட்சி இத்தனை வினாடிக்குக் குறைந்து இருக்கக்கூடாது. இத்தனை நேரத்துக்கு ஒரு முறை எட்ட இருந்து காட்ட வேண்டும். இப்படிச் சொன்னால் அப்படியே செய்யும். உதடு அசைவதைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் உண்டு.

மனிதர் பாதி நாள் உட்கார்ந்து செய்யும் வேலையை இது சில நிமிடங்களில் முடித்துவிடும். சாப்பிடப் போய்த் திரும்பி வந்தால், வேலை தயாராக இருக்கும்!

நன்மை இல்லை என்று சொல்லலாமா?

சொல்லக்கூடாது. கல் உரலில் மாவாட்டிய நம் வீட்டுப் பெண்களுக்கு, மின்சாரக் கிரைண்டர் வந்தபோது எவ்வளவு ஆறுதல்! கை வலி போயிற்று. மிச்சமான நேரத்தில் வேறு வேலை பார்க்க முடிந்தது. அதைக் குறை சொல்பவர் உண்டா?

அதுபோல்தான் இதுவும். ஓர் ஆசிரியர் தனியாகப் பாடம் நடத்திப் படம் எடுக்கிறார். ஒரு விவசாயி தன் அனுபவத்தைச் சொல்லிப் பதிவு செய்கிறார். எடிட்டரை வைத்துக்கொள்ள அவர்களிடம் பணம் இல்லை. இந்தக் கருவி அவர்களுக்குக் கைகொடுக்கும். எடிட்டருக்கும் முதல் சுற்று வேலை குறையும். கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும்.

ஆகவே எந்திரம் வேண்டாம் என்று நாம் கூச்சல் போடவில்லை. கிரைண்டர் மாவை ஆட்டும். உப்பு எவ்வளவு போடுவது என்பது அதற்குத் தெரியாது. நாம் சொல்வது அவ்வளவுதான்.

கேட்பவரின் முகம்

‘பேசுகிறவரைக் காட்டு’ என்ற விதி நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டு உண்மை நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

1960-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு டெலிவிஷன் ஸ்டூடியோ. ஜனாதிபதி தேர்தலில் போட்டியிட்ட கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் வாதம் செய்தார்கள். ஆறு கோடிக்கும் அதிகமான மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காமிராக்களை மாற்றிக் காட்டும் பொறுப்பு டான் ஹெவிட் என்ற இயக்குநரிடம் இருந்தது.

கென்னடி பேசும்போது ஹெவிட் அவரை மட்டும் காட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நிக்சனையும் இடையிடையே காட்டினார். நிக்சன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. வியர்வையைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அதை நாடே பார்த்தது. அந்த நவம்பரில் கென்னடி மிகக் குறைந்த வித்தியாசத்தில் வெற்றி பெற்றார். வியர்வைதான் நிக்சனைத் தோற்கடித்தது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்தக் காட்சியைப் பற்றி இன்று வரை பேசுகிறார்கள்.

இன்னொன்று. 1992-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி. அமெரிக்காவில் ரிச்மண்ட் நகரம். ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ், கிளிண்டன், பெரோ மூவரும் மேடையில் இருந்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு பெண்மணி எழுந்தார். நாட்டின் கடன் உங்களை எப்படிப் பாதித்திருக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே புஷ் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காமிரா அதைப் பார்த்துவிட்டது! மக்களின் கஷ்டத்தைக் கேட்கக்கூட இவருக்குப் பொறுமை இல்லையா என்று பேச்சு எழுந்தது. அந்தத் தேர்தலில் புஷ் தோற்றார்.

இரண்டு இடத்திலும் பேசியவர் வேறு. நினைவில் நின்றவர் வேறு. கைக்குட்டைக்குச் சத்தம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்த கண்ணுக்கும் சத்தம் இல்லை. சத்தம் கேட்டுக் காட்சியை மாற்றும் எந்திரம் அங்கே இருந்திருந்தால், இரண்டையுமே விட்டிருக்கும். வரலாற்றில் இரண்டு காட்சிகள் இல்லாமல் போயிருக்கும்.

வாக்காளர்கள் ஒரு தலைவரை எடை போடுவது, அவர் பேசும்போது மட்டும் அல்ல. அடுத்தவர் பேசும்போது அவர் எப்படிக் கேட்கிறார் என்பதிலும்தான்.

கெட்டிமேளம் கொட்டும்போது

நம் வீட்டுக்கு வருவோம்.

கல்யாணம் நடக்கிறது. இப்போதெல்லாம் கல்யாணத்துக்கு ஒரு காமிரா போதாது. மணவறைக்கு எதிரே ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. கூட்டத்துக்குள் ஒன்று. தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் முழங்குகிறது. எல்லோரும் அட்சதை போடுகிறார்கள்.

மணப்பெண்ணின் தாயார் ஓரமாக நிற்கிறார். வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். அந்தப் பக்கம் தகப்பனார் மேலே பார்த்துக் கண்ணீரை அடக்குகிறார். பாட்டி நடுங்கும் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறார்.

இருபது வருஷம் கழித்து அந்தப் பெண் தன் கல்யாணப் படத்தைப் பார்க்கிறாள். அவள் கண் எதைத் தேடும்? மேளத்தையா? அம்மாவின் முகத்தை அல்லவா தேடும்! பாட்டி அப்போது உயிரோடு இருக்க மாட்டார். அந்த நடுங்கும் கை படத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள்.

நல்ல எடிட்டர் அதை விட மாட்டார். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. தன் தங்கை கல்யாணத்தில் தன் அம்மா எப்படி நின்றார் என்பது அவருக்குத் தெரியும். இந்த எந்திரத்தை மேஜைப் பேச்சுக்காகச் செய்தார்கள். மேஜைப் பேச்சுக்கு அது போதும். வேலை சீக்கிரம் முடியும் என்று கல்யாணத்துக்கும் அதையே பூட்டினால், மேளம்தான் மிஞ்சும். அம்மா போய்விடுவார்.

கத்துகிறவனுக்குப் பரிசா?

இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது. அது பெரிய கெடுதல்.

2020-ல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பாடம் படித்தார்கள். அப்போது நாம் எல்லோரும் ஒன்றைப் பார்த்தோம். யார் சத்தம் போடுகிறார்களோ, அவர் முகம் பெரிதாக முன்னால் வரும். ஒருவர் இருமினால்கூட வந்துவிடும்! வாய் திறக்காத பிள்ளையின் முகம் ஒரு மூலையில் தபால் தலை போலக் கிடக்கும். அந்தப் பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா, பசியோடு இருந்ததா, அழுததா? யார் கண்டார்கள்!

அதே விதி நாளை எல்லா விவாதங்களுக்கும் வந்தால் என்ன ஆகும்? இருவர் வாதம் செய்கிறார்கள். ஒருவர் அமைதியாகப் பேசுகிறார். நடுவில் யோசிக்கிறார். மற்றவர் இடைவிடாமல் கத்துகிறார். எந்திரம் யாரைக் காட்டும்? கத்துகிறவரைத்தான் காட்டும். கத்தினால் திரையில் இடம் உண்டு என்று தெரிந்துவிட்டால், அப்புறம் யார் அமைதியாகப் பேசுவார்கள்?

ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாய் ஓயாமல் பேசுகிறவரைப் பெரியவர்கள் நிறுத்துவார்கள். “நீ இரு அப்பா. அந்தப் பிள்ளை ஒண்ணும் பேசலையே, அதைக் கேட்போம்” என்பார்கள். பேசாதவரிடமும் ஒரு நியாயம் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். இந்த அறிவை எந்திரத்துக்கு இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

காட்டாமல் விடுவதும் ஒரு பண்பு

காட்டுவது மட்டுமா வேலை? காட்டாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

1953-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி லண்டனில் எலிசபெத் மகாராணிக்கு முடிசூட்டு விழா. பி.பி.சி. டெலிவிஷன் அதை நேராக ஒளிபரப்பியது. பிரிட்டனில் சுமார் 2 கோடி பேர் பார்த்தார்கள். பல காமிராக்கள் வைத்திருந்தார்கள். ஆனால் ராணியின் உடலில் புனித எண்ணெய் பூசும் சடங்கு வந்தபோது, அதை டெலிவிஷனில் காட்டவில்லை. அது ராணிக்கும் தெய்வத்துக்கும் நடுவே உள்ள விஷயம் என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். 

காமிரா இருந்தது. படமும் எடுத்திருக்கலாம். ஆனாலும் வேண்டாம் என்று ஒரு முடிவு. மனிதர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது.

சாவு வீட்டில் ஒரு பெண் தலைவிரி கோலமாக விழுந்து புரண்டு அழுகிறாள். அவள் குரல்தான் மிகவும் உரத்துக் கேட்கும். எந்திரம் அவள் பக்கம் பாய்ந்து திரும்பும். மனசாட்சி உள்ள எடிட்டரோ எட்ட இருந்து காட்டும் காமிராவுக்குப் போய்விடுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள்.

வேலை பார்ப்பவரின் கதி

எடிட்டிங் வேலையை நம்பி எத்தனையோ இளைஞர்கள் இருக்கிறார்கள். சிறிய ஊர்களிலும் இருக்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கடன் கட்டி, ராத்திரி கண் விழித்து வேலை செய்கிறார்கள்.

“எந்திரம்தானே வெட்டுகிறது, உனக்கு எதற்கு இவ்வளவு கூலி?” என்று நாளை முதலாளி கேட்பார். கல்யாண வீட்டுக்காரரும் கேட்பார். அது நியாயம் அல்ல. எந்திரம் வெட்டிய படத்தை முதலில் இருந்து கடைசி வரை பார்க்க வேண்டும். தவறைத் திருத்த வேண்டும். விட்டுப்போன முகத்தைத் தேடிச் சேர்க்க வேண்டும். அந்த வேலைக்கு நேரம் வேண்டும். நேரத்துக்குக் கூலி வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு சொல். எந்திரத்திடம் கொடுக்கும் முன்னால் கையால் வெட்டிப் பழகுங்கள். நீந்தத் தெரிந்தவன் படகில் போனால் பயம் இல்லை. படகு கவிழ்ந்தாலும் கரை சேருவான். நீந்தவே தெரியாதவன் படகையே நம்பிப் போனால்?

என்ன செய்யலாம்?

நாம் சொல்லும் யோசனைகள் சில.

ஒன்று: எந்திரம் வெட்டியது முதல் நகல்தான். ஒரு மனிதர் முழுவதும் பார்த்துத் திருத்தாமல் அதை வெளியே விடக்கூடாது. பல காமிரா எடிட்டிங்கில் ஒரு வசதி உண்டு. ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்தால் மற்றக் காட்சிகள் அழிந்து போவதில்லை. அடியில் அப்படியே இருக்கும். எந்த இடத்திலும் மாற்றிக்கொள்ளலாம். ஆகவே திருத்த முடியாது என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

இரண்டு: கேட்பவரின் முகத்தைக் காட்ட மறக்கக்கூடாது. ஒருவர் மனம் விட்டுப் பேசும்போது, எதிரே இருப்பவர் முகத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

மூன்று: வழக்கு, விவாதம், பொதுக்கூட்டம் போன்றவற்றில் எட்ட இருந்து எல்லோரையும் காட்டும் படம் அடிக்கடி வர வேண்டும். யாரும் மறைந்து போகக்கூடாது.

நான்கு: கல்யாண வீட்டுக்காரர்களே, முன்பணம் கொடுக்கும்போதே படக்காரரிடம் கேளுங்கள். “எங்கள் படத்தை யார் பார்த்து வெட்டுவார்கள்? வெட்டாத முழுப் படத்தையும் எங்களுக்குத் தருவீர்களா?” என்று கேளுங்கள். முழுப் படம் கையில் இருந்தால், அம்மாவின் முகத்தைப் பிறகாவது தேடி எடுக்கலாம்.

ஐந்து: திரையைப் பார்க்கும் நாமும் பழக வேண்டும். காட்டுகிற முகத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. இந்த நேரத்தில் காட்டாத முகம் எது என்று மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கண் நம்முடையது

இன்வர்னஸ் காமிராவைக் குறை சொல்லிப் பயன் இல்லை. உருண்டையானதைப் பின்பற்று என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது பின்பற்றியது. எடிட்டிங் எந்திரத்துக்குச் சத்தம் வரும் இடத்தைக் காட்டு என்று சொல்லியிருக்கிறார்கள். அது காட்டுகிறது. எந்திரம் சொன்னதைச் செய்கிறது. சொல்லாததை யார் செய்வது? நாம்தான் செய்ய வேண்டும்.

வீட்டில் நாலு பேர் சாப்பிட உட்காருகிறார்கள். மூன்று பேர் கலகலவென்று பேசுகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டு சும்மா இருக்கிறது. தாய் யாரைப் பார்ப்பாள்? பேசாத பிள்ளையைத்தான் பார்ப்பாள். “ஏன்டா கண்ணா, ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்பாள்.

அந்தத் தாயின் கண் எடிட்டிங் மேஜையிலும் இருக்க வேண்டும். பொத்தானை எந்திரம் அழுத்தட்டும். கண் நம்முடையதாக இருக்கட்டும்.